விழுந்த ஊரை மூன்று முறை எழுப்பிய கப்பித்தான் யாப் ஆ லோய்

கோலாலம்பூரில் மாலை மழை இரண்டு மணி நேரம் விடாமல் பெய்தால் போதும். மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் ஆற்று நீர் எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்று மக்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் அந்த முனையில்தான் இந்த மாநகரம் பிறந்தது. ஊருக்கு உயிர் கொடுத்த அதே ஆறுகள் ஊரை அடித்துச் சென்றதும் உண்டு. போர் எரித்தது உண்டு, தீ தின்றதும் உண்டு. ஒவ்வொரு முறையும் ஊர் மறுபடி எழுந்தது. அப்படி எழுப்பியவர்களில் முதன்மையானவர் யாப் ஆ லோய்.

அவர் பெயரில் தலைநகரின் நடுவே ஒரு சாலை இருக்கிறது. ஜாலான் யாப் ஆ லோய் என்ற அந்தச் சாலையை, நடக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கடந்துவிடலாம். அவ்வளவு சிறியது. அவருடைய வாழ்க்கை அப்படிச் சிறியதன்று.

பதினேழு வயதில் கப்பல்

1837 மார்ச் 14-இல் தென்சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில், ஹுய்சௌ வட்டாரத்து ஏழை ஹக்கா குடும்பம் ஒன்றில் யாப் ஆ லோய் பிறந்தார். ஊரில் பிழைப்புக்கு வழி இல்லை. 1854-இல், பதினேழு வயதில், மக்காவ் துறைமுகத்தில் கப்பல் ஏறி மலாக்காவில் வந்து இறங்கினார். கையில் காசு இல்லை. தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளச் சில உறவினர்கள் மட்டுமே இருந்தார்கள்.

முதலில் டுரியான் துங்கால் பகுதியில் ஓர் ஈய லம்பத்தில் வேலை. சில மாதங்களில் அது நின்றுபோனது. பிறகு கெசாங்கில் உறவினர் ஒருவரின் கடையில் ஒத்தாசை. இந்தப் பையன் இங்கே தேறமாட்டான், ஊருக்கே அனுப்பிவிடலாம் என்று உறவினர்கள் முடிவு செய்து, வழிச்செலவுக்குப் பணம் கொடுத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பிவைத்தார்கள். சீனாவுக்குக் கப்பல் புறப்படும்வரை அங்கே காத்திருந்த நாள்களில், அந்தப் பணத்தைச் சூதாட்டத்தில் தொலைத்துவிட்டார் யாப் ஆ லோய்.

ஊருக்கும் போக முடியவில்லை, உறவினர் முகத்தில் விழிக்கவும் துணிவில்லை. இந்த மண்ணிலேயே பிழைத்தாக வேண்டும் என்ற நிலை அப்படித்தான் வந்தது. பின்னாளில் கோலாலம்பூரின் சூதாட்டக் குத்தகையைத் தம் கையில் வைத்திருந்த மனிதரின் தொடக்கம் ஒரு சூதாட்டத் தோல்விதான்.

1856-இல் லுக்குட்டுக்குப் போனார். அங்கே ஒரு லம்பத்தில் சமையல்காரர் வேலை கிடைத்தது. மூன்று ஆண்டுகள் அடுப்படியில் உழைத்துச் சேர்த்த காசில் பன்றி வாங்கி விற்கும் சிறு வியாபாரம் தொடங்கினார். அந்த வியாபாரத்துக்காக லம்பம் லம்பமாக அலைந்ததில் வட்டார நிலவரம் கைவந்தது. எந்த லம்பத்தில் எத்தனை பேர், யாரிடம் காசு, யாருக்கு யார் பகை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாயின.

அடுத்து இன்றைய சிரம்பான் வட்டாரமான சுங்கை ஊஜோங். அங்கே சீனர்களின் தலைவராக இருந்தவர் கப்பித்தான் ஷின். அவருடைய படைத்தலைவர் லியூ ஙிம் கொங்கின் கீழ் யாப் ஆ லோய் வீரராகச் சேர்ந்தார். 1860-இல் மூண்ட சண்டையில் கப்பித்தான் ஷின் கொல்லப்பட்டார். யாப் ஆ லோய் காயத்தோடு தப்பினார். அடுத்த ஆண்டே, இருபத்து நான்கு வயதில், சுங்கை ஊஜோங் சீனர்களின் கப்பித்தானாக அவர் உயர்ந்தார்.

கப்பித்தான் என்பது வெறும் பட்டம் இல்லை. மலாய் ஆட்சியாளர்கள் சீனக் குடியினரைக் கட்டிக்காக்கும் பொறுப்பைத் தந்து நியமிக்கும் தலைவர் அவர். வழக்குத் தீர்ப்பது, வரி வசூலிப்பது, அடிதடியை அடக்குவது, சமயத்தில் படை திரட்டுவது எல்லாம் அவர் வேலை. இன்றைய நகரத் தலைவர், நீதிபதி, போலீஸ் அதிகாரி, முதலாளி என நால்வரின் பொறுப்பும் ஒரே ஆள் மேல் இருந்தது.

சேறும் காய்ச்சலும் நிறைந்த ஊர்

அந்தக் காலத்துக் கோலாலம்பூரை இன்றைய கோபுரங்களோடு சேர்த்து எண்ணிப் பார்க்கவே முடியாது. 1857-இல் கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களைப் படகில் ஏற்றி ஆற்றின் மேற்பகுதிக்கு அனுப்பினார். ஆறுகள் கூடும் இடத்தில் இறங்கி, காட்டுவழியே நடந்து அம்பாங்கில் ஈயம் தோண்டத் தொடங்கினார்கள். ஒரே மாதத்தில் காய்ச்சல் 69 பேரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் 18 பேர். அதற்குப் பிறகும் ஆள்கள் அனுப்பப்பட்டார்கள். ஈயத்துக்கு அவ்வளவு கிராக்கி இருந்தது.

சரக்குப் படகு அதற்கு மேல் எளிதாகப் போக முடியாத இடம் என்பதால், ஆற்றுமுனையில் அரிசியும் எண்ணெயும் இறங்கின, ஈயம் ஏறியது. இறக்கிய இடத்தில் கடைகள் முளைத்தன. கடைகளைச் சுற்றி ஊர் முளைத்தது. முதல் கப்பித்தானாக ஹியூ சியூவும், 1862-இல் இரண்டாவது கப்பித்தானாக லியூ ஙிம் கொங்கும் வந்தார்கள். பழைய தளபதி அழைத்ததும், யாப் ஆ லோய் சுங்கை ஊஜோங் பதவியை விட்டுவிட்டு அவருக்கு உதவியாகக் கோலாலம்பூருக்கு வந்து சேர்ந்தார். லம்பங்களை மேற்பார்த்தார், சொந்தமாகவும் லம்பம் தோண்டினார், மருந்துக் கடை ஒன்றும் திறந்தார்.

1864-இல் அவர் முன்னின்று அமைத்த சின் ஸே ஸி யா கோயில் இன்றும் ஜாலான் துன் எச்.எஸ். லீ அருகே இருக்கிறது. சண்டையில் மாண்ட கப்பித்தான் ஷின் அங்கே தெய்வமாக வணங்கப்படுகிறார். தம் தலைவரைத் தெய்வமாக வைத்துக் கும்பிட்டது ஒருபுறம். சிதறிக் கிடந்த ஹக்கா தொழிலாளர்கள் கூடுவதற்கு ஓர் இடம் கிடைத்தது மறுபுறம். தீம்பாரில் ஒரு மாரியம்மன் கோயில் எழுந்த பிறகுதான் லயத்து மக்கள் ஒரு சமூகமாக நின்றார்கள் என்பதை அறிந்த நம் மக்களுக்கு இது விளக்காமலே புரியும்.

1868-இல் லியூ ஙிம் கொங் மறைந்தார். முப்பத்தொரு வயது யாப் ஆ லோய் கோலாலம்பூரின் மூன்றாவது கப்பித்தான் ஆனார்.

முதல் அழிவு: போர்

அவர் பதவியேற்ற நேரம் நல்ல நேரமாக இல்லை. 1867-இல் சிலாங்கூர் அரச குடும்பத்தினரிடையே உள்நாட்டுப் போர் தொடங்கியிருந்தது. ஒரு பக்கம் ராஜா மஹாடி. மறுபக்கம் சுல்தான் அப்துல் சமாட்டின் மருமகன், கெடாவிலிருந்து வந்த துங்கு குடின். ஆற்று வழியில் ஈயத்துக்கு யார் வரி வசூலிப்பது என்பதுதான் சண்டையின் வேர். ஹக்கா மக்களுக்குள்ளும் ஊர்ப் பிரிவால் பகை இருந்தது. யாப் ஆ லோய் தலைமையேற்றதை ஏற்காதவர்கள் எதிரணியோடு சேர்ந்துகொண்டார்கள்.

யாப் ஆ லோய் துங்கு குடின் பக்கம் நின்றார். 1870-இலும் 1871-இலும் கோலாலம்பூரைத் தாக்க வந்தவர்களை அவருடைய ஆள்கள் விரட்டினார்கள். ஆனால் 1872 ஆகஸ்டில் சைட் மஷோரின் படை ஊரைச் சூழ்ந்து பிடித்துவிட்டது. யாப் ஆ லோய் உயிர் தப்பிக் கிள்ளானுக்கு ஓடினார். ஊர் தீக்கிரையானது.

அங்கேயே எல்லாம் முடிந்திருக்கலாம். பணம் இருந்தவரை பார்த்தாயிற்று, இனி மலாக்காவிலோ சிங்கப்பூரிலோ கடை வைத்துப் பிழைக்கலாம் என்று அவர் நினைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ கடன் வாங்கி மறுபடி ஆள் திரட்டினார். பகாங் படையும் துங்கு குடினுக்குத் துணையாக வந்தது. 1873 மார்ச்சில் கோலாலம்பூர் மீட்கப்பட்டது.

மீட்ட ஊரில் மீட்கத்தக்கதாக எதுவும் மிச்சமில்லை. வீடுகள் சாம்பல். லம்பங்களில் நீர் நிறைந்து குளமாகிக் கிடந்தன. நீர் இறைக்கும் இயந்திரங்கள் உடைந்து கிடந்தன. தொழிலாளர்கள் நாலா பக்கமும் போய்விட்டார்கள். ஆற்றுமுனையை விட்டுவிட்டு வேறு இடம் பார்ப்பதே புத்திசாலித்தனமாகத் தோன்றிய நேரம் அது.

யாப் ஆ லோய் செய்தது ஒன்றுதான். தாம் அங்கிருந்து நகரவில்லை. கப்பித்தானே இருக்கிறார் என்று தெரிந்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். திரும்பி வந்தவர்களுக்கு அரிசியும் கருவிகளும் முன்கடனாகக் கொடுத்து லம்பங்களில் நீரை இறைக்க வைத்தார். ஈயம் கிடைத்ததும் கடனைக் கழித்துக்கொள்வது என்பது ஏற்பாடு. அத்தாப்புக் கூரையோடு வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன.

இந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அரிசியைக் கொடுப்பவரும் அவர், ஈயத்தை எடுத்துக்கொள்பவரும் அவர், இரண்டுக்கும் விலை வைப்பவரும் அவர்தான். சூதாட்டம், சாராயம், அபின் ஆகியவற்றிலிருந்து வந்த வருமானமும் ஊரை நடத்தப் பயன்பட்டது. லம்பத்தில் நாளெல்லாம் வெட்டிச் சம்பாதித்த தொழிலாளியின் காசு மாலையில் சூதாட்டக் கொட்டகையில் கப்பித்தானிடமே திரும்பிப் போனது. துண்டுக் கணக்கும் முன்கடனும் கள்ளுக்கடையும் சேர்ந்து தீம்பாரில் என்ன செய்தன என்று அறிந்தவர்களுக்கு இது புதிய கதை இல்லை. யாப் ஆ லோய் தம் காலத்தின் மனிதர். அந்தக் காலத்தின் அழுக்கும் அவர் மேல் இருக்கிறது.

கடனில் மூழ்கிய கப்பித்தான்

போரில் வென்ற தரப்பில் இருந்தும் அவர் கையில் மிஞ்சியது கடன்தான். போருக்காகச் செலவழித்த பணம் முழுதாகத் திரும்பி வரவில்லை. ஊரைக் கட்ட நீரிணைக் குடியேற்ற வியாபாரிகளிடம் வாங்கிய கடனுக்கு வட்டி ஏறியது. அந்த நேரம் பார்த்து ஈய விலையும் சரிந்தது.

ஈயத்தையே நம்பியிருந்தால் ஊர் நிலைக்காது என்று கண்டு, மரவள்ளி பயிரிடத் தொடங்கினார். கிழங்கை அரைத்து மாவாக்க ஓர் ஆலையும் வைத்தார். அந்த ஆலை இருந்த தெருவைச் சீனர்கள் மாவு ஆலைத் தெரு என்றே அழைத்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் பெட்டாலிங் ஸ்ட்ரீட்தான் அது. பயிர்த் தொழில் பெரிய லாபம் தரவில்லை. ஆனாலும் ஈயம் படுத்த நாள்களில் சிலருக்காவது அது வேலை கொடுத்தது.

1870-களின் கடைசியில் அவர் கிட்டத்தட்ட நொடித்துப்போகும் நிலைக்கு வந்துவிட்டார். கடன் கொடுத்தவர்கள் நெருக்கினார்கள். 1879-இல் ஈய விலை திடீரென உயர்ந்ததுதான் அவரைக் காப்பாற்றியது. ஆறு ஆண்டுகள் நட்டத்தில் ஊரைப் பிடித்து வைத்திருந்தவருக்கு ஏழாவது ஆண்டில் மூச்சு வந்தது.

அதே 1879-இல் சிலாங்கூருக்கு வந்த ஆங்கிலேயப் பயணி இசபெல்லா பேர்ட், இந்தச் சீனத் தலைவரின் ஆற்றலைப் பாராட்டித் தம் பயண நூலில் எழுதினார். காட்டுக்குள் சட்டமே எட்டாத ஓர் இடத்தில், மிகச் சில காவலர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒழுங்கை நிலைநிறுத்தியது அக்காலத்தவர்களை வியக்க வைத்தது. திருடியவனைத் திருடிய பொருளோடு தெருத் தெருவாக நடத்திச் செல்வது அவருடைய முதல் தண்டனை. மறுபடி திருடினால் தண்டனை கொடூரமாகும். நோயாளித் தொழிலாளர்கள் தங்க ஓர் இடத்தையும் அவர் ஏற்படுத்தினார். பிறகு, 1884-இல், சீனப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியும் திறந்தார்.

ஊர் தேறியதைப் பிரிட்டிஷ் அதிகாரிகளும் கவனித்தார்கள். 1880-இல் சிலாங்கூரின் நிர்வாகத் தலைநகரைக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றினார்கள். ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள மேட்டில் அரசு அலுவலகங்கள் அமைந்தன. கிழக்குக் கரையில் கப்பித்தானின் சந்தையும் வீடும் கடைத்தெருவும் இருந்தன. ஏழு ஆண்டுகளுக்கு முன் சாம்பலாகக் கிடந்த இடம் ஒரு மாநிலத்தின் தலைநகரானது.

இரண்டாவது அழிவும் மூன்றாவதும்

1881 ஜனவரியில் ஊரில் தீப்பிடித்தது. மரச் சட்டமும் அத்தாப்புக் கூரையுமாக ஒன்றோடொன்று ஒட்டி நின்ற வீடுகள். தெருவோ மிகக் குறுகல். ஒரு கூரையில் பிடித்த தீ அடுத்த கூரைக்குத் தாவ எந்தத் தடையும் இல்லை. ஊரின் பெரும்பகுதி எரிந்தது. எரிந்த இடத்தில் மறுபடி வீடுகள் எழுந்துகொண்டிருந்தபோதே, அதே ஆண்டில் ஆறு பெருகி ஊருக்குள் புகுந்தது. தீயில் தப்பியதை வெள்ளம் எடுத்துக்கொண்டது.

போரோடு சேர்த்து, பத்து ஆண்டுகளுக்குள் மூன்று அழிவுகள். இப்போதும் ஊர் எழும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. கப்பித்தான் இருந்தார், ஈயத்துக்கு விலையும் இருந்தது. ஆனால் எப்படி எழுப்புவது என்ற கேள்வி இந்த முறை முன்னால் வந்தது. அத்தாப்பு மலிவு. மூங்கிலும் மரமும் காட்டில் கிடைக்கும். சில நாள்களில் வீடு கட்டிவிடலாம். எரிந்தால் மறுபடி கட்டலாம். அந்த எளிமையே ஊரை மறுபடி மறுபடி தீக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

1882-இல் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹம் முதலில் தெருக்களில் குவிந்து கிடந்த குப்பையை அள்ள வைத்தார். 1884-இல் புதிய விதி வந்தது. இனி ஊருக்குள் கட்டடங்கள் செங்கல்லிலும் ஓட்டிலும்தான் எழ வேண்டும். தீ தாவாதபடி தெருக்களை அகலப்படுத்த வேண்டும்.

விதி போடுவது எளிது. செங்கல்லுக்கு எங்கே போவது? ஊர் முழுவதையும் மாற்றிக் கட்ட வேண்டுமென்றால் அதற்கு வேண்டிய செங்கல்லை அருகிலேயே சுட்டாக வேண்டும். யாப் ஆ லோய் ஊருக்குத் தெற்கே பரந்த நிலத்தை வாங்கிச் செங்கல் தொழிலுக்கு ஏற்பாடு செய்தார். அந்த நிலம்தான் பிரிக்பீல்ட்ஸ். செங்கல் சூளைகள் இருந்த வெளி என்பதே அந்தப் பெயரின் பொருள். அவருக்குப் பின் கப்பித்தானாக வந்த யாப் குவான் செங்கும் அங்கே சூளைகள் நடத்தினார்.

கிழக்குக் கரையில் மனைகளும் வீடுகளும் பெருமளவு யாப் ஆ லோயின் சொத்துகளாகவே இருந்தன. ஆகவே புதிய விதியின் செலவு முதலில் விழுந்தது அவர் தலையில்தான். அவர் இணங்கியிராவிட்டால் அந்த விதி காகிதத்தில் கிடந்திருக்கும். அத்தாப்பு வரிசைகள் இடிக்கப்பட்டு, இரண்டு மாடிக் கடைவீடுகள் எழத் தொடங்கின. முன்புறத்தில் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க அஞ்சடி விடப்பட்டது. பழைய கோலாலம்பூர் என்று இன்று நாம் படம் பிடிக்கும் முகம் அப்போதுதான் உருவாகத் தொடங்கியது.

போருக்குப் பின் அவர் காட்டியது பிடிவாதம். விழுந்ததை விழுந்தபடியே மறுபடி நிறுத்தினார். தீக்கும் வெள்ளத்துக்கும் பின் நடந்தது வேறு. அடுத்த முறை விழாமலிருக்க எதை மாற்ற வேண்டும் என்று யோசித்துக் கட்டினார்கள். இன்று நகரத் திட்டமிடுபவர்கள் பேரிடர் தாங்கும் நகரம் என்று பேசுவதன் சாரம் இந்த இரண்டும் சேர்ந்ததுதான். ஊரை விட்டு ஓடாத தலைமை வேண்டும், பழைய தவற்றின் மேலேயே மறுபடி கட்டாத விதியும் வேண்டும்.

முடிவைப் பார்க்காமல் போனவர்

செங்கல் நகரம் முழுதாக எழுவதைப் பார்க்க யாப் ஆ லோய் இல்லை. 1885 ஏப்ரல் 15-இல் அவர் காலமானார். வயது 48 மட்டுமே. மலாக்காவில் வெறுங்கையோடு இறங்கி முப்பத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்த ஆண்டு, 1886 செப்டம்பரில், கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. படகையும் ஆற்றையும் மட்டுமே நம்பியிருந்த ஊருக்கு நிலத்தில் வழி கிடைத்தது. அந்தத் தண்டவாளத்தோடு தமிழர்களின் கதையும் இந்த ஊருக்குள் ஆழமாக நுழைகிறது.

ரயில்வே வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் குடியேறிய இடம் பிரிக்பீல்ட்ஸ். ரயில்வே பணிமனையும் தொழிலாளர் குடியிருப்புகளும் அங்கே வந்தன. செங்கல்லுக்காக மண் வெட்டிய வெளியில் கோயில்களும் விவேகானந்தா ஆசிரமமும் தமிழ்ப் பள்ளியும் எழுந்தன. இன்று பூக்கடையும் வாழையிலைச் சாப்பாடும் தீபாவளிக் கூட்டமுமாக நாம் அறியும் பிரிக்பீல்ட்ஸ், ஒரு சீனக் கப்பித்தான் ஊரைத் தீயிலிருந்து காக்கச் செங்கல் சுட வைத்த நிலம்.

இன்னொரு தொடர்பும் உண்டு. ஜாலான் துன் எச்.எஸ். லீ சாலைக்குப் பழைய பெயர் ஹை ஸ்ட்ரீட், அதாவது மேட்டுத் தெரு. வெள்ளம் எளிதில் எட்டாத மேடு என்பதால் வந்த பெயர் என்பார்கள். ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் அந்தச் சாலையில் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது 1885-இல், யாப் ஆ லோய் மறைந்த அதே ஆண்டில். அப்போது அது அத்தாப்புக் கூரைதான். 1887-இல் அது பிரிக்கப்பட்டுச் செங்கல் கட்டடமாக எழுந்தது. ஊர் முழுக்கக் கூரை மாறிய காலத்தில் அம்மனின் கூரையும் மாறியது.

அதே சாலையில்தான் 1893-இல் விக்டோரியா கல்விக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் அறங்காவலர்களாகக் கப்பித்தான் யாப் குவான் செங்கும், லோக் இயூவும், நம் தம்புசாமிப் பிள்ளையும் ஒன்றாக அமர்ந்தார்கள். ஆற்றையொட்டிய அந்தப் பள்ளியையும் வெள்ளம் விடவில்லை. 1929-இல் பள்ளி மேட்டுப் பகுதிக்கு இடம் மாறியது. தீக்குச் செங்கல்லைக் கண்டுபிடித்த ஊர், ஆற்றுக்கு மட்டும் எளிதில் விடை காணவில்லை. 1926-இலும் 1971-இலும் தலைநகரம் பெருவெள்ளத்தைக் கண்டது. 2007-இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கப்பாதை வெள்ள நீரை நகர மையத்துக்கு வெளியே திருப்பிவிடுகிறது. அந்தப் பழைய பாடத்தின் தொடர்ச்சி அது. பாடம் இன்னும் முடியவில்லை என்று ஒவ்வொரு பெருமழையும் நினைவூட்டுகிறது.

பெயர் யாருக்கு?

கோலாலம்பூரை நிறுவியவர் யார் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ராஜா அப்துல்லா என்பார்கள் சிலர். யாப் ஆ லோய்க்கு முன்பே இங்கிருந்த மண்டாய்லிங் வணிகர் சுத்தான் புவாசா என்பார்கள் வேறு சிலர். முதல் கப்பித்தான் ஹியூ சியூவை விட்டுவிட முடியுமா என்று கேட்பவர்களும் உண்டு. பள்ளிப் பாடநூல்களில் யாப் ஆ லோயின் இடம் சுருங்கிவிட்டது என்ற மனக்குறை சீனச் சமூகத்தில் எழுந்ததையும் நாடு கண்டது. நம் முன்னோர் போட்ட தண்டவாளமும் வெட்டிய ரப்பர் மரமும் வரலாற்றில் எத்தனை வரி பெற்றன என்று கேட்டுவரும் தமிழர்களுக்கு அந்த மனக்குறையின் கனம் தெரியும்.

முதலில் வந்தவர் யார் என்பதை வரலாற்று ஆய்வாளர்கள் முடிவு செய்யட்டும். 1873-இல் சாம்பலின் நடுவே நின்று, இங்கேயேதான் ஊர் என்று முடிவு செய்தவர் யாப் ஆ லோய் என்பதில் பெரிய வாதம் இல்லை. அந்த முடிவை மெய்யாக்கியவர்கள் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர். நீர் நிறைந்த லம்பத்தை இறைத்தவர்கள், சூளையில் நின்று செங்கல் சுட்டவர்கள், பின்னால் வந்து தண்டவாளம் போட்டவர்கள். அவர்களில் பலருக்குக் கல்லறைகூட இல்லை. கப்பித்தானுக்கு இருக்கிறது. கோலாலம்பூர் குவாங்டோங் இடுகாட்டில் அவர் உறங்குகிறார்.

சின் ஸே ஸி யா கோயிலில் அவருடைய உருவமும் வழிபாட்டுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். அடுத்த முறை அம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது, பிள்ளைகளை அந்தப் பக்கமும் அழைத்துச் செல்லலாம். போகும் வழியில் அஞ்சடியில் நின்று பழைய கடைவீட்டுச் சுவர்களைத் தொட்டுக் காட்டலாம். மூன்று முறை விழுந்த ஊர், செங்கல்லாக எழுந்து நின்ற கதையை அங்கேயே அவர்களுக்குச் சொல்லிவிடலாம்.